போலீஸ் கார் என்று ஒன்று கிடையாது

ஹாலிவுட் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. நீளமான மூக்கு, அதே நீளத்துக்கு டிக்கி, கறுப்பு வெள்ளை பெயிண்ட், தலையில் நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்கு. வளைவில் திரும்பும்போது படகு மாதிரி ஒரு பக்கம் சாயும். நடைபாதையில் ஏறி இறங்கும், பழக்கடையை இடித்துத் தள்ளும், அப்புறமும் ஓடும். அந்தக் கார் இப்போது அமெரிக்கச் சாலைகளில் அநேகமாக இல்லை. போலீஸ் வண்டி என்றால் இன்று அங்கே உயரமான எஸ்.யூ.வி.தான்.

ஏன் போயிற்று? காலம் மாறிப்போச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், பி.காம். படித்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டோடு குடும்பம் நடத்துகிற என்னைப் போன்ற ஆளுக்கு அதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அந்தக் கார் போலீஸுக்குப் பிடிக்காமல் போகவில்லை. கடைசிவரை பிடித்துத்தான் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். அமெரிக்காவில் போலீஸுக்கென்றே ஒரு கார் எப்போதும் இருந்ததில்லை.

காஸ்ட் அக்கவுண்டன்சியில் துணைப்பொருள் என்று ஓர் அத்தியாயம் வரும். சர்க்கரை ஆலையில் மொலாசஸ் கிடைப்பதுபோல. ஆலை ஓடுவது சர்க்கரைக்காக. மொலாசஸ் வாங்குகிறவர் எவ்வளவு பெரிய புள்ளியாக இருந்தாலும் அவருக்காக யாரும் ஆலை நடத்த மாட்டார்கள். சர்க்கரை விற்பது நின்றால் அவருக்கும் சரக்கு நின்றுவிடும். அமெரிக்க போலீஸ் அந்த மொலாசஸ் வாடிக்கையாளர். சர்க்கரை வாங்கியது குடும்பங்கள்.

கதை 1930களிலேயே தொடங்குகிறது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் வி8 இன்ஜின் வைத்த காரைக் கொண்டுவந்தது. வேகமாக ஓடியதால் போலீஸ் வாங்கியது. அதே காரணத்துக்காக வங்கிக் கொள்ளையர்களும் விரும்பினார்கள் (எங்கள் தொழிலுக்கும் கார் வரலாற்றுக்கும் அப்படி ஓர் உறவு!). 1950இல் ஃபோர்டு 'போலீஸ் பேக்கேஜ்' என்று தனியாக விற்க ஆரம்பித்தது. ஐந்து வருடத்தில் ஷெவர்லேயும் அதே வழிக்கு வந்தது. பிறகு கிரைஸ்லர் குடும்பத்து டாட்ஜ், பிளைமவுத்.

பேக்கேஜ் என்றால் என்ன? ஷோரூமில் குடும்பஸ்தருக்கு விற்கும் அதே கார்தான். பிரேக் கொஞ்சம் பெரிது, ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி, பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் பெரிது, இன்ஜின் சூடாகாமல் இருக்க கூடுதல் ரேடியேட்டர் வசதி, துல்லியமாக அளவு பார்த்த ஸ்பீடோமீட்டர். அவ்வளவுதான். கதவு, கண்ணாடி, சட்டம், பெட்ரோல் டேங்க் எல்லாம் குடும்பக் காருடையவை. கம்பெனிக்குச் செலவு குறைவு, போலீஸுக்கு விலை குறைவு. இரண்டு பக்கமும் லாபம்.

அந்த ஏற்பாட்டின் பொற்காலம் 1960களின் கடைசி. குடும்பங்களே பிரம்மாண்டமான கார்களில் போன காலம். 1969இல் டாட்ஜ் போலாரா என்ற கார், 7.2 லிட்டர் இன்ஜினோடு, மிச்சிகன் மாநில போலீஸ் நடத்திய சோதனையில் மணிக்கு 147 மைல், அதாவது சுமார் 237 கி.மீ. வேகத்தைத் தொட்டது. பெட்ரோல் தண்ணீர் விலையில் கிடைத்தது. மைலேஜைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்கில் மைல் கணக்கில் வரிசை. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வருடத்தில் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம். 1978க்கு ஒரு கேலனுக்கு 18 மைல், 1985க்கு 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 7.7 கி.மீ.யிலிருந்து 11.7 கி.மீ.

இந்தச் சட்டத்தில் ஒரு சின்ன வரி இருந்தது. கார் வேறு, இலகுரக டிரக் வேறு. பிக்கப் வண்டி, வேன், காடு மேடு ஏறும் நாலு சக்கர இழுவை வண்டி எல்லாம் டிரக் கணக்கில் வரும். விவசாயியும் மேஸ்திரியும் பிழைப்புக்கு வைத்திருக்கும் வண்டியாயிற்றே என்று அவற்றுக்கு இளகிய அளவுகோல். 1996இல்கூட டிரக்குகளுக்கு 20.7 மைல்தான், கார்களுக்கு 27.5. அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிய செடானைக் காவு வாங்கியது.

உடனே நடக்கவில்லை. முதலில் கார்கள் இளைத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1977இல் தன் பெரிய கார்களைச் சுருக்கியது, ஃபோர்டு 1979இல். இன்ஜின்களுக்குப் புகைக் கட்டுப்பாடும் சேர்ந்தது. கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை 1980இல் வாங்கிய டாட்ஜ் செயின்ட் ரெஜிஸ் மலைச்சாலையில் மூச்சு வாங்கியது. துரத்தப்படுகிறவன் சாவகாசமாகப் போய்விடுவான் என்கிற நிலைமை. கடைசியில் அந்தப் படை 1982இல் ஃபோர்டு மஸ்டாங் என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரைத் துரத்தல் வேலைக்கு வாங்கியது. கைது செய்தவரைப் பின்சீட்டில் உட்காரவைக்க இடம் கிடையாது. வேறு வண்டி வர வேண்டும்!

கிரைஸ்லர் 1980களின் ஆரம்பத்தில் பெரிய செடானை விட்டது. அடுத்த அளவில் இருந்த டாட்ஜ் டிப்ளமேட்டும் 1989இல் நின்றது. மிஞ்சியது இரண்டு பேர்: ஷெவர்லே கேப்ரிஸ், ஃபோர்டு கிரவுன் விக்டோரியா.

கேப்ரிஸ்தான் அந்தக் காலத்துப் போலீஸ்காரர்களின் செல்லப்பிள்ளை. 1994 முதல் 260 குதிரைசக்தி இன்ஜின் வந்தது. போலீஸுக்குத் திருப்தி. ஆனால் குடும்பங்கள் அந்தக் குண்டு காரை விட்டு எஸ்.யூ.வி. பக்கம் போக ஆரம்பித்திருந்தன. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் கேப்ரிஸ் செய்த தொழிற்சாலையில் அதே ஆட்களை வைத்து எஸ்.யூ.வி.யும் பிக்கப்பும் செய்தால் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் பல மடங்கு. மைலேஜ் சட்டத்திலும் அவை டிரக் கணக்கு. எந்தப் போர்டு மீட்டிங்கிலும் இதற்கு ஒரே விடைதான். 1996இல் கேப்ரிஸை நிறுத்தினார்கள். போலீஸ் துறைகள் எவ்வளவோ புலம்பிப் பார்த்தன. பலிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் போலீஸ் என்பது ஒரே துறை கிடையாது. ஊருக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று சுமார் 18,000 அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட், தனி டெண்டர். எல்லாரும் சேர்ந்து வருடத்துக்கு வாங்குவது சில பத்தாயிரம் வண்டிகள். அந்த நாட்டின் மொத்த விற்பனையோ சாதாரண வருடத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். பேரம் பேச அவர்களுக்கு என்ன பலம்?

1996க்குப் பிறகு களத்தில் இருந்த ஒரே பெரிய பின்சக்கர இழுவை செடான் கிரவுன் விக்டோரியா. பத்து வருடத்துக்குப் போட்டியே இல்லை. நாம் படங்களில் பார்த்தது பெரும்பாலும் இதைத்தான்.

போலீஸ்காரர்கள் அதைக் கொண்டாடக் காரணம் அதன் பழமை. அடியில் லாரிக்கு இருப்பதுபோல இரும்புச் சட்டம், அதன்மேல் தனியாகப் பொருத்திய பாடி. நடைபாதையில் ஏற்றினாலும் தாங்கும். மோதிச் சப்பினால் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றிவிட்டு மறுபடி ரோட்டுக்கு அனுப்பலாம். கியர் நெம்புகோல் ஸ்டியரிங் பக்கத்தில் (நம்மூர்ப் பழைய அம்பாசடர் மாதிரி), அதனால் நடுவில் வயர்லெஸ், கம்ப்யூட்டர் எல்லாம் வைக்க இடம். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அத்துப்படி. போலீஸில் உழைத்து ஓய்வு பெற்ற வண்டியை ஏலத்தில் எடுத்து மஞ்சள் பெயிண்ட் அடித்து டாக்சியாக இன்னும் பல வருடம் ஓட்டினார்கள். வாகனக் கடன் கொடுக்கிற எவனுக்கும் இப்படி ஒரு மறுவிற்பனை மதிப்பைக் கேட்டால் வயிறு குளிரும்.

தேய்மானத்திலும் ஒரு வேடிக்கை. போலீஸ் கார் ஓடுவதைவிட நின்றுகொண்டே இன்ஜினை ஓட்டுவது அதிகம். விளக்கு, வயர்லெஸ், ஏ.சி. எல்லாம் எரிய வேண்டுமே. அதனால் பின்னால் வந்த மாடல்களில் கிலோமீட்டரோடு இன்ஜின் ஓடிய மணி நேரத்தையும் தனியாகக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் நின்று ஓடினால் அது சுமார் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டு சொன்ன கணக்கு. மீட்டரில் 60,000 மைல் என்று பார்த்து ஏலத்தில் எடுத்தவர்கள் ஏமாந்த கதை அப்படித்தான்.

ஃபோர்டு அந்தக் காரைக் காப்பாற்ற செய்த ஒரு கணக்கு வித்தையைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நியாயமில்லை. மைலேஜ் சட்டம் உள்நாட்டுக் கார்களுக்கு ஒரு சராசரி, இறக்குமதிக் கார்களுக்கு ஒரு சராசரி என்று பிரித்துப் பார்த்தது. பாகங்களில் 75 சதவீதம் உள்நாட்டுச் சரக்காக இருந்தால் அது உள்நாட்டுக் கார். பெட்ரோல் குடிக்கும் கிரவுன் விக்டோரியா உள்நாட்டுச் சராசரியைக் கீழே இழுத்தது. ஃபோர்டு என்ன செய்தது? 1992 மாடலில் வேண்டுமென்றே சில பாகங்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி அந்த 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. கார் காகிதத்தில் 'இறக்குமதி' ஆயிற்று! அங்கே கொரியாவில் செய்த குட்டிக் கார்களின் நல்ல மைலேஜ் இதன் பாவத்தைக் கழுவியது. மார்ச் 31 ராத்திரி டெபாசிட் கணக்கை அலங்காரம் செய்கிற வங்கிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு கும்பிடு போடுவார்கள் :-)

ஆனால் குடும்பக் காரை போலீஸ் வேலைக்கு விட்டதில் உயிர்ச்சேதமும் இருந்தது. இதை வேடிக்கையாக எழுத முடியாது. கிரவுன் விக்டோரியாவின் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பின்னால், டிக்கிக்கு முன்னால் இருந்தது. ஒரு குடும்பம் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை எப்போதாவது நிறுத்தும். போலீஸ் தினமும், மணிக்கணக்கில், விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து அசுர வேகத்தில் யாரோ வந்து மோதினால் டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. டிக்கியில் அடுக்கிய போலீஸ் சாமான்களே டேங்கைக் குத்தவும் வாய்ப்பு இருந்தது. அரிசோனா உட்படப் பல இடங்களில் காவலர்கள் எரிந்து இறந்தார்கள்.

மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து, வடிவமைப்பில் குறைபாடு என்று சொல்ல முடியாது என 2002இல் கோப்பை மூடியது. விதிப்படி பார்த்தால் கார் தேறிவிட்டது. விதி எழுதியவர்கள் மனதில் வைத்திருந்தது குடும்பக் காரை. அதற்குப் பிறகு ஃபோர்டு டேங்க் பக்கத்தில் தடுப்புத் தகடுகள் பொருத்திக் கொடுத்தது. 2005 மாடலிலிருந்து தீயணைக்கும் அமைப்பும் விருப்பப்பட்டால் வாங்கலாம் என்றாயிற்று. விருப்பம் என்றால் கூடுதல் காசு. சின்ன ஊர் போலீஸின் பட்ஜெட்டில் அதற்கு இடம் இருந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2008 மாடலிலிருந்து கிரவுன் விக்டோரியாவை அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். போலீஸ், டாக்சி, அரசு அலுவலகங்களுக்கு மட்டும். சர்க்கரை விற்பனை முடிந்துவிட்டது, மொலாசஸுக்காக மட்டும் ஆலை ஓடுகிறது. எத்தனை நாள் தாங்கும்? காரின் பிடி நழுவாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு எல்லா வண்டிகளிலும் கட்டாயம் என்ற விதி 2011 செப்டம்பரில் முழுமையாக அமலுக்கு வர இருந்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் புதிதாகச் செலவு செய்ய ஃபோர்டுக்கு மனமில்லை. பல போலீஸ் துறைகள் அவசர அவசரமாக வாங்கிச் சேர்த்துவைத்தன. 2011 செப்டம்பர் 15 அன்று கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், செயின்ட் தாமஸ் என்ற ஊருக்கு அருகில் கடைசி வண்டி வெளியே வந்தது. அதோடு 1967 முதல் ஓடிய தொழிற்சாலைக்கும் பூட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

நம்மூர் அம்பாசடருக்கும் கடைசிக் காலம் இப்படித்தான். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் மாருதிக்குப் போய்விட்ட பிறகு அரசு அலுவலகமும் டாக்சியும்தான் அதைத் தாங்கின. 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. இரண்டு நாட்டிலும் அரசாங்க ஆர்டரால் ஒரு காரைக் கொஞ்ச காலம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நடமாட வைக்க முடியவில்லை.

கிரவுன் விக்டோரியாவின் இடத்துக்கு மூன்று செடான்கள் போட்டியிட்டன. ஃபோர்டு தன் டாரஸ் காரை போலீஸ் உடையில் கொண்டுவந்தது. ஷெவர்லே ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் நிறுவனம் செய்த பெரிய காருக்கு கேப்ரிஸ் என்று பழைய பெயரையே சூட்டி இறக்கியது. டாட்ஜ் சார்ஜர் 2006 முதலே களத்தில் இருந்தது. இவற்றோடு ஷெவர்லே இம்பாலா, முன்சக்கர இழுவை, 2000 முதல் நகரப் போலீஸ்களில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோர்டின் கதை ஒரு பரிசோதனைச்சாலை மாதிரி. டாரஸ் செடானையும் எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.யையும் ஒரே சிகாகோ தொழிற்சாலையில், ஒரே அடிக்கட்டுமானத்தில், 2012இல் ஒன்றாக போலீஸுக்கு விற்க ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து மணிக்கு 75 மைல் வேகத்தில் மோதிச் சோதித்தோம் என்று இரண்டுக்கும் விளம்பரம். இந்த முறை போலீஸே தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தார்கள், எஸ்.யூ.வி.யை. காரணங்கள் நியாயமானவை. குண்டு துளைக்காத உடுப்பும் இடுப்பில் ஏழெட்டுச் சாமானும் மாட்டிக்கொண்டு ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்குகிறவருக்கு உயரமான சீட்டு இடுப்பைக் காக்கும். சாமான் வைக்க இடம் அதிகம். பனிக்காலத்தில் நாலு சக்கர இழுவை. ஆறு சிலிண்டர் இன்ஜினே 304 குதிரைசக்தி தந்தது. கிரவுன் விக்டோரியாவின் வி8 கடைசிவரை 250தான்.

செடான்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2017இல் ஹோல்டன் ஆஸ்திரேலியாவில் தொழிற்சாலையை மூடியது, கேப்ரிஸ் போயிற்று. 2018இல் ஃபோர்டு அமெரிக்காவில் செடான்களையே விடப்போவதாக அறிவித்து, 2019 மார்ச்சில் டாரஸை நிறுத்தியது. 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டனில் சார்ஜர் உற்பத்தி நின்றது. கவனித்தீர்களா? கிரவுன் விக்டோரியா கனடா, இம்பாலா கனடா, சார்ஜர் கனடா, கேப்ரிஸ் ஆஸ்திரேலியா. உலகமே அமெரிக்காவின் அடையாளம் என்று நினைத்த போலீஸ் செடான், கடைசிக் காலத்தில் பெரும்பாலும் அமெரிக்காவில் தயாராகவே இல்லை. 1996இல் கேப்ரிஸை வெளியே தள்ளிய ஆர்லிங்டன் தொழிற்சாலையோ இப்போது டாஹோ எஸ்.யூ.வி. செய்கிறது. அதற்கும் போலீஸ் பேக்கேஜ் உண்டு!

போலீஸுக்கென்றே ஒரு கார் செய்தால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. கார்பன் மோட்டார்ஸ் என்ற புதிய கம்பெனி, பின் கதவு எதிர்ப்பக்கம் திறக்கும், பி.எம்.டபிள்யூ. டீசல் இன்ஜின் வைத்த, முதலிலிருந்தே போலீஸுக்காக வரைந்த ஒரு காரை இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் செய்யத் திட்டமிட்டது. வேலையில்லாமல் தவித்த அந்த ஊர் மிகவும் நம்பியது. மத்திய அரசிடம் 31 கோடி டாலர் அளவில் கடன் கேட்டார்கள். 2012இல் மறுத்துவிட்டார்கள். 2013இல் கம்பெனி திவால். எனக்கு அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒரே பொருள், ஒரே வகை வாடிக்கையாளர், அதிலும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடும் 18,000 பேர் என்று ஒரு பிரபோசல் என் மேஜைக்கு வந்தால் நானும் பேனாவை மூடித்தான் வைப்பேன்.

எஸ்.யூ.வி. வந்ததால் பழைய சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2017இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் போலீஸ் சுமார் 400 எக்ஸ்ப்ளோரர்களை ஒரே நேரத்தில் ரோட்டிலிருந்து எடுத்தது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு வாயு வந்து காவலர்களுக்கு மயக்கம். விளக்கும் வயர்லெஸும் பொருத்தப் பின்பக்கம் போட்ட ஓட்டைகளைச் சரியாக அடைக்காதது ஒரு காரணம் என்று ஃபோர்டு சொன்னது. மறுபடியும் அதே கதைதான். குடும்ப வண்டியை வாங்கி, அதில் ஓட்டை போட்டு, போலீஸ் வண்டி ஆக்குவது. நல்லதும் நடந்திருக்கிறது. 2020 மாடலில் ஹைபிரிட் இன்ஜின் வந்தது. நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் விளக்கும் வயர்லெஸும் எரியும். நின்றே பெட்ரோல் குடித்த அந்த மணி நேரங்கள் ஒருவழியாகக் குறைகின்றன.

செயின்ட் தாமஸ் தொழிற்சாலை இருந்த நிலத்தில் 2023இல் அமேசான் கிடங்கு திறந்தது. அதே வருடம் அந்த ஊரில் ஃபோக்ஸ்வாகன் மின்கார் பேட்டரித் தொழிற்சாலை வரும் என்று அறிவிப்பும் வந்தது. ஊர் பிழைத்துக்கொள்ளும்.

போலீஸ் அடுத்து எந்த வண்டிக்கு மாறும் என்று கேட்டால், அதைப் போலீஸ் முடிவு செய்யப்போவதில்லை. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அமெரிக்காவில் ஒரு மகனோ மருமகளோ அக்கா பிள்ளையோ இருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது, வீட்டு வாசலில் என்ன வண்டி நிற்கிறது, அடுத்தது என்ன வாங்குவதாக உத்தேசம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் தலையில்தான் இன்னும் பத்து வருடத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும்.